புற்றுநோய்க்குச் சிகிச்சைத் தடுப்பூசி: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

“புற்றுநோய்க்குத் தடுப்பூசி கண்டுபிடித்துவிட்டார்கள்” என்ற செய்தி ஆண்டுக்குச் சில முறையாவது கைபேசிகளைச் சுற்றி வருகிறது. வீட்டில் ஒருவர் அந்த நோயோடு போராடிக்கொண்டிருக்கும்போது அதைப் படிப்பவர்களை மனத்தில் வைத்தே இந்தப் பதில்களை எழுதுகிறேன். இந்தத் துறையில் உண்மையான முன்னேற்றம் நடந்திருக்கிறது. அவசரப்பட்டுக் கொடுத்த வாக்குறுதிகளும் நிறைய இருக்கின்றன. எது எந்த வகை என்று தெரிந்துகொள்ள நோயாளிக்கு உரிமை உண்டு.

நோய் வந்த பிறகு தடுப்பூசி போட்டு என்ன பயன்?

எச்பிவி தடுப்பூசியும் ஹெபடைட்டிஸ் பி தடுப்பூசியும் புற்றுநோயைத் தடுக்கின்றன. கருப்பைவாய்ப் புற்றுநோய்க்கும் கல்லீரல் புற்றுநோய்க்கும் காரணமான வைரஸ்களை அவை முன்கூட்டியே மறித்துவிடுகின்றன. ஆனால் புற்றுநோய் வந்துவிட்டவருக்கு அவற்றால் அந்த நோய் குணமாகாது.

சிகிச்சைத் தடுப்பூசியின் வேலை வேறு. உடலில் ஏற்கெனவே இருக்கும் புற்றுச் செல்களை அடையாளம் கண்டு கொல்லும்படி டி செல்கள் என்னும் வெள்ளணுக்களைப் பழக்குவதே அதன் நோக்கம். அறுவை சிகிச்சையில் கட்டியை அகற்றிய பிறகும் கண்ணுக்கும் ஸ்கேனுக்கும் தெரியாத செல்கள் சில மிச்சம் இருக்கலாம். பல மாதம் கழித்து நுரையீரலிலோ கல்லீரலிலோ நோய் திரும்பி வருவது அவற்றால்தான். இன்றைய முயற்சிகளில் பெரும்பகுதி அந்த மிச்சத்தைத் துடைத்தெடுப்பதையே குறியாகக் கொண்டிருக்கிறது.

நம் எதிர்ப்பாற்றல் தானாகவே புற்றுநோயை ஏன் அழிப்பதில்லை?

பல நேரம் அழிக்கிறது, நமக்குத் தெரிவதில்லை. தப்பிப் பிழைத்த செல்கள்தாம் கட்டியாக வளர்கின்றன, அவை தப்பும் வழிகளைக் கற்றவை. புற்றுச் செல் நம் சொந்தச் செல்லிலிருந்து பிறந்தது என்பதால் அதன் புரதங்களில் பெரும்பாலானவற்றை உடல் தன்னுடையதாகவே கருதுகிறது. போதாததற்கு, சில கட்டிகள் பிடிஎல்1 என்ற புரதத்தைக் காட்டி, நெருங்கி வரும் டி செல்களைச் செயலிழக்கச் செய்கின்றன. இதுபோன்ற தடைகளை நீக்கும் மருந்துகளுக்கு வழிவகுத்த கண்டுபிடிப்புகளுக்காகத்தான் ஜேம்ஸ் அல்லிசனுக்கும் தசுக்கு ஹோஞ்சோவுக்கும் 2018-இல் மருத்துவ நோபல் பரிசு கிடைத்தது. தடுப்பூசிகளுக்கு மறுவாழ்வு கொடுத்தவையும் அந்த மருந்துகளே. காரணம் கீழே வருகிறது.

இது புதிய யோசனையா?

இல்லை. 1891-இல் நியூயார்க் அறுவை மருத்துவர் வில்லியம் கோலி, புற்றுநோயாளிகளின் உடலில் பாக்டீரியாவைச் செலுத்தி எதிர்ப்பாற்றலைக் கிளப்பிவிட முயன்றார். சிலருக்குக் கட்டி கரைந்தது. யாருக்குக் கரையும் என்று அவராலும் சொல்ல முடியவில்லை. பின்னர் கதிர்வீச்சும் கீமோதெரபியும் வந்து அந்த முறையை ஓரங்கட்டின.

அதே வழியில் வந்து நிலைத்த வெற்றி ஒன்று உண்டு. காசநோய்க்குப் போடும் பிசிஜியைச் சிறுநீர்ப்பைக்குள் செலுத்தினால், அங்கே மேல்பரப்பில் இருக்கும் புற்றுநோய் திரும்பி வருவது குறைகிறது என்று 1976-இல் ஆல்வாரோ மொராலெஸ் குழு காட்டியது. 1990-இல் அமெரிக்காவின் மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பான எஃப்டிஏ அனுமதி கொடுத்தது. இன்றும் அந்த நோய்க்கு அதுவே முக்கியச் சிகிச்சை. குறிப்பிட்ட இலக்கு எதையும் காட்டாமல் எதிர்ப்பாற்றலைப் பொதுவாகத் தூண்டிவிடுவதால் பிசிஜியைக் கறாரான பொருளில் புற்றுநோய்த் தடுப்பூசி என்று சொல்லிவிட முடியாது. ஆனால் அதன் வணிகக் கதையை மறக்கக் கூடாது. விலை மலிவு, தயாரிப்பது சிரமம், லாபம் குறைவு. உற்பத்திச் சிக்கல்களில் சிக்கிய சனோஃபி, தன் பிசிஜி வகையை 2017-இல் நிறுத்துவதாக முந்தைய ஆண்டே அறிவித்தது. அமெரிக்காவில் மெர்க் ஒன்றே மிஞ்சியது. மருந்து கிடைக்காமல் நோயாளிகள் தவித்தார்கள். நல்ல மருந்து இருப்பதும் அது கைக்கு எட்டுவதும் ஒன்றல்ல.

இன்று அனுமதி பெற்ற சிகிச்சைத் தடுப்பூசி ஏதாவது உண்டா?

எஃப்டிஏ அனுமதித்தவற்றில் முதன்மையானது ப்ரோவெஞ்ச். ஹார்மோன் சிகிச்சைக்கு அடங்காமல் பரவிய புரோஸ்டேட் புற்றுநோய்க்காக 2010 ஏப்ரலில் அனுமதி பெற்றது. நோயாளியின் ரத்தத்திலிருந்து வெள்ளணுக்களைப் பிரித்தெடுத்து, தொழிற்கூடத்துக்கு அனுப்பி, புரோஸ்டேட் புரதம் ஒன்றைக் காட்டிப் பழக்கி, மறுபடி அவர் உடலிலேயே ஏற்றுகிறார்கள். இரண்டு வார இடைவெளியில் மூன்று முறை. 512 பேர் பங்கேற்ற ஆய்வில் இடைநிலை ஆயுட்காலம் (பாதிப் பேர் தாண்டி வாழ்ந்த காலம்) 21.7 மாதத்திலிருந்து 25.8 மாதமாக நீண்டது. ஆயுள் கூடியதே தவிரக் கட்டி சுருங்கவில்லை, நோயின் போக்கைக் காட்டும் பிஎஸ்ஏ என்ற ரத்தப் புரதத்தின் அளவும் சொல்லிக்கொள்ளும்படி இறங்கவில்லை. பலன் தெரிகிறதா என்று பார்க்கும் வழக்கமான அடையாளங்கள் எதுவும் கிடைக்காததால் மருத்துவர்கள் தயங்கினார்கள்.

வந்தபோது விலை 93,000 டாலர். மருத்துவமனைகள் முதலில் வாங்கிப் போட்டுவிட்டுப் பிறகு காப்பீட்டிடம் பணத்தை வசூலிக்க வேண்டும். அதே காலத்தில் மாத்திரையாகவே விழுங்கக்கூடிய புதிய புரோஸ்டேட் மருந்துகளும் வந்துவிட்டன. தயாரித்த டென்ட்ரியான் நிறுவனம் 2014 நவம்பரில் திவால் மனு கொடுத்தது. ஐரோப்பாவில் பெற்ற அனுமதி 2015-இல் திரும்பப் பெறப்பட்டது. மருந்து கைமாறி இன்னமும் அமெரிக்காவில் விற்பனையில் இருக்கிறது. இன்று இந்தத் துறையில் பணம் போடும் ஒவ்வொருவர் மனத்திலும் டென்ட்ரியான் கதை ஓடிக்கொண்டிருக்கும்.

கியூபாவின் சிமாவேக்ஸ் பற்றியும் பலர் கேட்கிறார்கள். ஹவானாவின் மூலக்கூறு எதிர்ப்பாற்றல் மையம் உருவாக்கிய அது, புற்றுச் செல்லை நேரடியாகக் குறிவைப்பதில்லை; செல் வளர்ச்சியைத் தூண்டும் இஜிஎஃப் என்ற புரதத்துக்கு எதிராக ஆன்டிபாடிகளை உண்டாக்குகிறது. நுரையீரல் புற்றுநோய்க்குக் கியூபாவில் பயன்பாட்டில் உள்ளது. அமெரிக்காவின் பஃபலோ நகரில் ராஸ்வெல் பார்க் மையம் அதை ஆய்வில் எடுத்துக்கொண்டது.

இத்தனை ஆண்டுகள் ஏன் தோல்வி மேல் தோல்வி?

இந்தப் பக்கத்தில் ஒரே ஒரு பதிலைத்தான் படிக்க நேரம் இருக்கிறது என்றால் இதைப் படியுங்கள்.

1991-இல் பிரஸ்ஸல்ஸில் தியரி பூன் குழு, மனித டி செல்கள் அடையாளம் காணும், மெலனோமா என்ற தோல் புற்றுநோயின் புரதம் ஒன்றின் மரபணுவைக் கண்டறிந்தது. மேஜ் என்ற குடும்பத்தின் முதல் உறுப்பினர் அது. இலக்கு கிடைத்துவிட்டது, இனி ஊசிதான் பாக்கி என்ற உற்சாகம் பரவியது. 2004-இல் அமெரிக்கத் தேசியப் புற்றுநோய் நிறுவனத்தின் ஸ்டீவன் ரோசன்பெர்க், தம் மையத்தில் தடுப்பூசி பெற்ற 440 நோயாளிகளின் கணக்கைக் கூட்டிப் பார்த்தார். கட்டி கணிசமாகச் சுருங்கியது 2.6 சதவீதத்தில் மட்டுமே. எல்லோருக்கும் அது குளிர்ந்த நீராக விழுந்தது.

பெரிய ஆய்வுகள் அதற்குப் பிறகும் தொடர்ந்தன. கிளாக்ஸோஸ்மித்க்ளைன் நிறுவனம் மேஜ்-ஏ3 தடுப்பூசியை 2,200-க்கும் மேற்பட்ட நுரையீரல் புற்றுநோயாளிகளிடம் சோதித்தது. 2014-இல் பலன் இல்லை என்று முடிந்தது. ஜெர்மன் மெர்க்கின் (அமெரிக்க மெர்க் வேறு நிறுவனம்) ஸ்டிமுவேக்ஸ், செல்டெக்ஸின் ரின்டோபெபிமட், புரோஸ்ட்வேக் என, அனுமதிக்கு முந்தைய பெரிய மனிதச் சோதனையான மூன்றாம் கட்டத்தில் விழுந்தவற்றின் வரிசை நீளமானது.

காரணங்களில் முதலாவது, இலக்கு. மேஜ் போன்றவை சாதாரண மரபணுவிலிருந்து வரும் புரதங்கள். அவற்றைக் கடுமையாகத் தாக்கும் டி செல்களில் பலவற்றை உடல் சிறு வயதிலேயே களைந்துவிடுகிறது. மிஞ்சியவை பலவீனமானவை.

இரண்டாவது, ஒற்றை இலக்கு. மூளைக் கட்டிக்கான ரின்டோபெபிமட் ஒரே ஒரு மாறுபட்ட புரதத்தைக் குறிவைத்தது. மீண்டும் வளர்ந்த கட்டிகள் பலவற்றில் அந்தப் புரதமே காணப்படவில்லை. தடுப்பூசி பெறாதவர்களிடமும் அதே நிலை என்பதுதான் இங்கே கவனிக்க வேண்டியது. கட்டி தானாகவே உருமாறிக்கொண்டிருக்கும்போது ஒரே அடையாளத்தை நம்பி இறங்குவது பலவீனமான திட்டம்.

மூன்றாவது, காலம். என் பார்வையில் இதுவே எல்லாவற்றையும்விடப் பெரிய காரணம். பல சிகிச்சைகள் தோற்று, கட்டி பரவி, எதிர்ப்பாற்றல் களைத்துப்போன நிலையில்தான் பெரும்பாலான பழைய ஆய்வுகளில் தடுப்பூசி கொடுக்கப்பட்டது. பழக்கிய டி செல்கள் கிளம்பிப் போனாலும் கட்டியின் வாசலில் அவற்றை முடக்கிவிடும் ஏற்பாடு தயாராக இருந்தது. அந்தத் தடையை நீக்கும் மருந்துகள் 2011-க்குப் பிறகுதான் வந்தன. ஆனால் மேஜ்-ஏ3 அறுவைக்குப் பிறகு கொடுக்கப்பட்டும் தோற்றது என்பதை மறைக்கக் கூடாது. காலம் சரியாக இருந்தால் மட்டும் போதாது, இலக்கும் சரியாக அமைய வேண்டும்.

நியோஆன்டிஜென் என்றால் என்ன? ஒருவருக்கு மட்டுமான ஊசியை எப்படித் தயாரிக்கிறார்கள்?

புற்றுச் செல்லின் மரபணுக்களில் எழுத்துப் பிழைகள் போல மாற்றங்கள் ஏற்படுகின்றன. அவற்றில் சில, உடலில் வேறெங்கும் இல்லாத புதிய புரதத் துண்டுகளை உண்டாக்குகின்றன. இவைதாம் நியோஆன்டிஜென்கள். உடல் இதுவரை பார்த்தே இராதவை என்பதால் அவற்றுக்கு எதிரான டி செல்கள் களையப்பட்டிருக்காது. தோல்விக்கு மேலே சொன்ன முதல் காரணம் இதனால் அடிபடுகிறது. பலவற்றை ஒரே ஊசியில் சேர்க்கலாம் என்பதால் இரண்டாவதும் ஓரளவு அடிபடுகிறது. ஆனால் இந்த மாற்றங்களில் பெரும்பான்மை ஆளுக்கு ஆள் வேறு. எனவே ஊசியும் ஆளுக்கு ஆள் வேறாக இருந்தாக வேண்டும்.

அறுவையில் எடுத்த கட்டியின் துண்டையும் நோயாளியின் ரத்தத்தையும் வாங்கி இரண்டின் மரபணு வரிசையையும் படிக்கிறார்கள். ரத்தத்தில் இல்லாமல் கட்டியில் மட்டும் இருக்கும் மாற்றங்கள் பட்டியலாகின்றன. அது நூற்றுக்கணக்கில் போகலாம். அவற்றில் எவற்றை அந்த நோயாளியின் எச்எல்ஏ மூலக்கூறுகள் டி செல்களுக்கு எடுத்துக் காட்டும் என்று கணினி நிரல் கணிக்கிறது. எச்எல்ஏ என்பது செல்லின் உள்ளே நடப்பதை வெளியே காட்டும் தாங்கி. அதுவும் ஆளுக்கு ஆள் மாறும். தேர்ந்தெடுத்த இலக்குகளின் குறிப்பு, எந்தப் புரதத்தைச் செய்வது என்று செல்லுக்குச் சொல்லும் எம்ஆர்என்ஏ என்ற மூலக்கூறின் ஒரே இழையில் எழுதப்பட்டு, கொழுப்புத் துகளில் பொதியப்பட்டு, ஊசியாகிறது. உள்ளே போனதும் டென்ட்ரிடிக் செல்கள் அந்தக் குறிப்பைப் படித்து, புரதத் துண்டுகளை உண்டாக்கி, டி செல்களுக்குக் காட்டுகின்றன.

அந்த டென்ட்ரிடிக் செல்களைக் கண்டறிந்த ரால்ஃப் ஸ்டைன்மனை இங்கே நினைக்காமல் இருக்க முடியவில்லை. கணையப் புற்றுநோய் வந்தபோது தம் கண்டுபிடிப்பின் அடிப்படையில் உருவான தடுப்பூசிகளைத் தமக்கே போட்டுக்கொண்டார். 2011-இல் நோபல் பரிசு அறிவிக்கப்படுவதற்கு மூன்று நாள் முன்பு காலமானார்.

தனிநபர் ஊசி மனிதரில் வேலை செய்யும் என்ற முதல் வலுவான அறிகுறிகள் 2017-இல் வந்தன. பாஸ்டனில் கேத்தரின் வூ உள்ளிட்டோரின் குழு 6 மெலனோமா நோயாளிகளிடமும், ஜெர்மனியின் மைன்ஸ் நகரில் யூர் சாஹின் குழு 13 பேரிடமும் சோதித்தன. டி செல்கள் எழுந்தன. பலருக்கு நோய் திரும்பவில்லை. சாஹினும் ஓஸ்லெம் துரேஜியும் 2008-இல் பயோஎன்டெக்கைத் தொடங்கியது புற்றுநோய்க்காகத்தான். கோவிட் ஊசி வந்தது பிறகு.

மெலனோமா ஆய்வில் வந்த “44 சதவீதம்” என்றால் 44 சதவீதம் பேர் குணமானார்களா?

இல்லை. இதைப் பத்திரிகைகளே தவறாக எழுதுகின்றன.

மாடர்னாவும் மெர்க்கும் சேர்ந்து உருவாக்கும் இன்டிஸ்மெரான் என்ற ஊசியில் 34 நியோஆன்டிஜென்கள் வரை இடம்பெறுகின்றன. கட்டி அகற்றப்பட்டு, திரும்பி வரும் அபாயம் அதிகம் உள்ள 157 மெலனோமா நோயாளிகள் இரண்டாம் கட்ட ஆய்வில் இருந்தார்கள். 107 பேருக்கு ஊசியும் பெம்ப்ரோலிசுமாப் மருந்தும். 50 பேருக்குப் பெம்ப்ரோலிசுமாப் மட்டும். பெம்ப்ரோலிசுமாப் என்பது மேலே சொன்ன தடைநீக்கும் மருந்துகளில் ஒன்று. கீட்ரூடா என்ற பெயரில் விற்கிறது. 18 மாத முடிவில் நோய் திரும்பாமல் இருந்தவர்கள் முதல் குழுவில் 79 சதவீதம், இரண்டாம் குழுவில் 62 சதவீதம். நோய் திரும்புவது அல்லது மரணம் என்ற அபாயம் ஒப்பீட்டளவில் 44 சதவீதம் குறைந்தது. மூன்றாண்டுத் தொடர்கண்காணிப்பில் அந்தக் குறைவு 49 சதவீதமாக இருந்தது.

நூறு பேர் என்று வைத்துக்கொண்டால் கணக்கு தெளிவாகும். 62 பேருக்கு ஊசி இல்லாமலேயே 18 மாதம் வரை நோய் திரும்பவில்லை. ஊசியால் கூடுதலாகத் தப்பியவர்கள் 17 பேர். ஊசி போட்டும் 21 பேருக்கு நோய் திரும்பியது அல்லது இறந்தார்கள். 17 பேர் என்பது சாதாரண எண்ணிக்கை அன்று, ஒவ்வொன்றும் ஓர் உயிர். ஆனால் ஆய்வு சிறியது. வழக்கமான கடுமையான புள்ளியியல் அளவுகோலை வைத்துப் பார்த்தால் முதல் முடிவு மயிரிழையில் எல்லைக்கு வெளியே நின்றது. ஆயிரத்துக்கும் மேற்பட்ட மெலனோமா நோயாளிகளோடு 2023-இல் தொடங்கிய மூன்றாம் கட்ட ஆய்வு அதனால்தான் இந்தத் துறைக்கே உரைகல்.

கணையப் புற்றுநோயில் நம்பிக்கை உண்டா?

எதிர்பாராத இடத்திலிருந்து வந்த நம்பிக்கை இது. கணையக் கட்டியில் மரபணு மாற்றங்கள் குறைவு என்பதால் தடுப்பூசிக்கு இலக்கே கிடைக்காது என்று பலர் எண்ணியிருந்தார்கள். நியூயார்க்கின் மெமோரியல் ஸ்லோன் கெட்டரிங் மையத்தில் வினோத் பாலச்சந்திரன் குழு, பயோஎன்டெக், ஜெனன்டெக் நிறுவனங்களின் தனிநபர் எம்ஆர்என்ஏ ஊசியை அறுவை முடிந்த 16 பேருக்குக் கொடுத்தது. ஊசி நோயாளியை அடைய அறுவைக்குப் பிறகு சுமார் 9 வாரம் ஆனது. 16 பேரில் 8 பேருக்கு டி செல்கள் வலுவாக எழுந்தன. மூன்றாண்டுக்கு மேல் கடந்து பார்த்தபோது அந்த 8 பேரில் இருவருக்கு நோய் திரும்பியிருந்தது. டி செல்கள் எழாத 8 பேரில் ஏழு பேருக்குத் திரும்பியிருந்தது.

எதிர்ப்பாற்றல் இயல்பிலேயே வலுவாக இருந்தவர்கள்தாம் பிழைத்தார்களோ என்ற ஐயம் நியாயமானது. இரு பிரிவினரும் கோவிட் ஊசிக்கு ஒரேபோல எதிர்வினை காட்டினார்கள் என்பது அந்த ஐயத்தைக் கொஞ்சம் தணிக்கிறது, முழுவதும் போக்கவில்லை. ஒப்பீட்டுக் குழு இல்லாத 16 பேர் ஆய்வு இவ்வளவுதான் சொல்ல முடியும். 260 பேருக்கான இரண்டாம் கட்ட ஆய்வு 2023-இல் தொடங்கியது.

எல்லோருக்கும் பொதுவான ஆயத்த ஊசி வராதா?

முயல்கிறார்கள். கணையம், பெருங்குடல் புற்றுநோய்களில் கேராஸ் என்ற மரபணுவின் சில மாற்றங்கள் பலருக்குப் பொதுவானவை. அவற்றைக் குறிவைக்கும் எலிசியோ நிறுவனத்தின் ஊசி, 25 பேர் கொண்ட முதல் கட்ட ஆய்வில் 21 பேருக்கு டி செல்களை எழுப்பியது. காத்திருப்பு இல்லை, செலவும் குறையும். மறுபக்கம், டென்மார்க்கின் ஐஓ பயோடெக் தன் ஆயத்த மெலனோமா ஊசியை மூன்றாம் கட்டம்வரை கொண்டு போனது. நோய் கட்டுப்பட்டிருந்த காலம் 11 மாதத்திலிருந்து 19.4 மாதமாக நீண்டும், புள்ளியியல் எல்லையை நூலிழையில் தவறவிட்டதால் 2025-இல் அனுமதிப் பாதை அடைபட்டது. ஆயத்த ஊசி வெற்றி பெற்றால் அதிகம் பேருக்குப் போய்ச் சேரும் என்பதால் அது வெல்ல வேண்டும் என்றே நான் விரும்புகிறேன். தற்போதைய ஆதாரம் தனிநபர் ஊசியின் பக்கமே கூடுதலாகச் சாய்கிறது.

பக்கவிளைவுகள் கடுமையா?

பெரும்பாலும் காய்ச்சல், குளிர், சோர்வு, ஊசி போட்ட இடத்தில் வலி. கீமோதெரபியோடு ஒப்பிட்டால் மிதமானவை. சேர்த்துக் கொடுக்கப்படும் தடைநீக்கும் மருந்துதான் தைராய்டு, குடல், நுரையீரல் அழற்சிகளை உண்டாக்கக்கூடியது. அவற்றைக் கண்காணிக்க வேண்டும்.

கோவிட் ஊசியே புற்றுநோயாளிகளின் ஆயுளைக் கூட்டியது என்கிறார்களே?

2025 அக்டோபரில் வெளிவந்த ஆய்வு அது. தடைநீக்கும் மருந்து தொடங்குவதற்கு முன்னோ பின்னோ 100 நாளுக்குள் எம்ஆர்என்ஏ கோவிட் ஊசி போட்டுக்கொண்ட நுரையீரல் புற்றுநோயாளிகளின் இடைநிலை ஆயுட்காலம் 37.3 மாதம், போடாதவர்களுக்கு 20.6 மாதம். விலங்குச் சோதனையில் காரணமும் ஓரளவு விளங்கியது: எம்ஆர்என்ஏ ஊசி எதிர்ப்பாற்றலை ஒட்டுமொத்தமாக உசுப்பிவிடுகிறது. ஆனால் பழைய மருத்துவப் பதிவுகளைப் புரட்டிச் செய்த ஆய்வு இது. ஊசி போட்டுக்கொண்டவர்கள் வேறு வகைகளிலும் நலமாக இருந்திருக்கலாம். குலுக்கல் முறையில் குழு பிரித்துச் செய்யும் ஆய்வுதான் இதைத் தீர்க்கும்.

ரஷ்யா இலவசத் தடுப்பூசி தருகிறதாமே?

2024 டிசம்பரில் ரஷ்ய அதிகாரிகள் தங்கள் நாட்டில் எம்ஆர்என்ஏ புற்றுநோய்த் தடுப்பூசி உருவாகியிருப்பதாகவும், நோயாளிகளுக்கு இலவசமாகக் கிடைக்கும் என்றும் அறிவித்தார்கள். 2025 செப்டம்பரில் பயன்பாட்டுக்குத் தயார் என்று மற்றோர் அறிவிப்பு வந்தது. அப்போது சுட்டிக்காட்டப்பட்டவை மனிதச் சோதனைக்கு முந்தைய கட்ட ஆய்வுகள். அதைத்தான் சமூக ஊடகங்கள் “100 சதவீத வெற்றி” என்று பரப்பின. மனிதரில் சோதித்தபோது தோற்ற தடுப்பூசிகள் எத்தனை என்று மேலே பார்த்தோம். அந்தச் செய்தியை நம்பி, நடந்துகொண்டிருக்கும் சிகிச்சையை யாரும் நிறுத்திவிடக் கூடாது.

இத்தனை தோல்விக்குப் பிறகும் நிறுவனங்கள் ஏன் பணம் போடுகின்றன?

மெர்க்கை எடுத்துக்கொள்ளுங்கள். கீட்ரூடா 2024-இல் மட்டும் சுமார் 29.5 பில்லியன் டாலருக்கு விற்றது. அதன் முக்கிய அமெரிக்கக் காப்புரிமை 2028-இல் முடிகிறது. கீட்ரூடாவோடு சேர்த்துக் கொடுக்கும் தடுப்பூசி வென்றால், மருந்து மலிந்த பிறகும் புதிய வருவாய் ஒன்று இருக்கும். 2022-இல் 250 மில்லியன் டாலர் கொடுத்து மாடர்னாவின் ஊசியில் பங்கு சேர்ந்ததை இந்தப் பின்னணியில் பார்க்க வேண்டும். செலவும் லாபமும் இருவருக்கும் சரிபாதி. மாடர்னாவுக்கோ கோவிட் வருவாய் வற்றியபின் எம்ஆர்என்ஏ தொழில்நுட்பத்தின் மதிப்பை நிரூபிக்க இதைவிடப் பெரிய மேடை இல்லை.

சிறிய நிறுவனங்களின் நிலை வேறு. தனிநபர் தடுப்பூசியில் முன்னோடியான நியான் தெரபியூடிக்ஸ் 2020-இல் பயோஎன்டெக்கின் கைக்கு மிகக் குறைந்த விலைக்குப் போனது. கிரிட்ஸ்டோன் 2024 அக்டோபரில் திவால் மனு கொடுத்தது. ஆலை, மரபணு ஆய்வுக்கூடம், பல ஆண்டு நீளும் ஆய்வு ஆகிய மூன்றையும் ஒருசேரத் தாங்கக் கையில் ஆழமான பணம் வேண்டும். நோய் திரும்பாமல் இருப்பதுதான் வெற்றி என்றால், அது தெரிய ஆண்டுக்கணக்கில் காத்திருக்க வேண்டுமல்லவா?

பிரிட்டன் அரசு வேறொரு வழியில் உள்ளே வந்திருக்கிறது. 2030-க்குள் 10,000 நோயாளிகள் வரை தனிநபர் எதிர்ப்பாற்றல் சிகிச்சை ஆய்வுகளுக்கு வழி திறக்க 2023-இல் பயோஎன்டெக்கோடு ஒப்பந்தம் செய்தது. ஆய்வுக்கு ஆள் சேர்ப்பதுதான் மிகப் பெரிய தாமதம் என்பதால் இது புத்திசாலித்தனமான ஏற்பாடு.

விலை எவ்வளவு இருக்கும்?

தனிநபர் ஊசி எதற்கும் இன்னும் சந்தை விலை இல்லை. அருகில் இருப்பவற்றை வைத்து ஊகிக்கலாம். ப்ரோவெஞ்ச் வந்தபோது 93,000 டாலர். நோயாளியின் டி செல்களை எடுத்து மரபணுவை மாற்றி மீண்டும் செலுத்தும் கார்-டி செல் சிகிச்சைகளில் முதலாவது, 2017-இல் வந்தபோது 475,000 டாலர். எம்ஆர்என்ஏ ஊசிக்கு உயிருள்ள செல்களை வளர்க்க வேண்டியதில்லை என்பதால் கார்-டியைவிடக் குறைய வேண்டும்.

செலவு எங்கே போகிறது என்று பார்த்தால்தான் எங்கே குறையும் என்பது விளங்கும். மரபணு வரிசையைப் படிக்கும் செலவு ஏற்கெனவே சரிந்துவிட்டது: முதல் மனித மரபணுத் தொகுப்புத் திட்டத்துக்குச் சுமார் 3 பில்லியன் டாலர் ஆனது, இன்று ஆயிரம் டாலருக்குள் முடிகிறது. எம்ஆர்என்ஏ மூலப்பொருளும் ஒருவருக்குத் தேவைப்படுவது மிகக் கொஞ்சம். இடிக்கும் இடம் தரப் பரிசோதனை. கோடிப் பேருக்கான கோவிட் ஊசியில் ஒரு தொகுப்பைச் சோதித்தால் பல லட்சம் ஊசிகளுக்குப் போதும். இங்கே ஒவ்வொரு நோயாளியின் ஊசியும் ஒரு தனித் தொகுப்பு. தூய்மை, நுண்ணுயிர் இல்லாமை எல்லாவற்றையும் ஒரே ஒருவருக்காகச் சோதித்து முடிக்க வேண்டும். இதை இயந்திரமயமாக்கி, கட்டுப்பாட்டு அமைப்புகளும் தயாரிப்பு முறையை நம்பி அனுமதிக்கும் வழக்கத்துக்கு வந்தால் விலை இறங்கும்.

இன்னொரு சிக்கல், மேலே போட்ட நூறு பேர் கணக்கிலேயே இருக்கிறது. நோய் எப்படியும் திரும்பாதவர்களுக்கும் சேர்த்தே ஊசி போட வேண்டியிருக்கிறது. காப்பீட்டாளரும் அரசும் அங்கேதான் தயங்குவார்கள். அறுவைக்குப் பிறகு ரத்தத்தில் மிதக்கும் கட்டியின் டிஎன்ஏ துணுக்குகளைத் தேடும் பரிசோதனை இதற்கு வழி காட்டலாம். பயோஎன்டெக்கின் பெருங்குடல் புற்றுநோய் ஆய்வு, அந்தத் துணுக்குகள் தென்பட்டவர்களை மட்டுமே ஊசிக்குத் தேர்ந்தெடுக்கிறது. யாருக்குத் தேவையோ அவருக்கு மட்டும் என்ற இந்த வழியில்தான் நியாயமான விலைக்கான வாய்ப்பை நான் பார்க்கிறேன்.

பணம் கட்டினால் இப்போதே டென்ட்ரிடிக் செல் தடுப்பூசி தருகிறோம் என்கிறார்கள். போகலாமா?

மிகுந்த எச்சரிக்கை தேவை. சில நாடுகளில் சில செல் சிகிச்சைகளுக்கு உள்நாட்டு அனுமதி இருக்கிறது. அனுமதி எந்தப் புற்றுநோய்க்கு, எந்த ஆய்வின் அடிப்படையில் என்று எழுத்தில் கேளுங்கள். இந்த வகையில் நெடுங்காலம் ஆராயப்பட்ட மூளைக் கட்டித் தடுப்பூசியான டிசிவேக்ஸ்கூட 331 பேரோடு பல ஆண்டு நடந்து, 2022-இல்தான் விரிவாக வெளியானது. 16.5 மாதத்துக்கு எதிராக 19.3 மாதம் என்று காட்டியது. ஒப்பிட்டது அதே ஆய்வின் நோயாளிகளோடு அல்லாமல் வேறு ஆய்வுகளின் நோயாளிகளோடு என்பதால் அதுவும் விவாதத்தில் இருக்கிறது. இவ்வளவு உழைப்புக்குப் பிறகே நிலை இது என்றால், வெளியிடப்பட்ட ஆய்வு எதுவும் இல்லாமல் லட்சக்கணக்கில் கேட்பவரிடம் வீட்டை அடகு வைத்துக் கொடுக்காதீர்கள். முறையான ஆய்வில், சோதிக்கப்படும் ஊசிக்கு நோயாளியிடம் பொதுவாகப் பணம் வாங்க மாட்டார்கள்.

ஆய்வில் சேர விரும்பினால் என்ன செய்ய வேண்டும்?

அறுவைக்கு முன்பே கேட்க வேண்டும். இதைப் பலர் காலம் கடந்து அறிகிறார்கள். தனிநபர் ஊசிக்குக் கட்டியின் திசு வேண்டும். பெரும்பாலான ஆய்வுகள் அறுவை முடிந்து குறிப்பிட்ட வாரங்களுக்குள் சேர வேண்டும் என்று விதிக்கின்றன. எனவே அறுவைத் தேதி குறிக்கும்போதே புற்றுநோய் மருத்துவரிடம் மூன்று விஷயங்களைப் பேசிவிடுங்கள்: இந்த வகை, இந்த நிலைக்கு ஆள் சேர்க்கும் ஆய்வு எங்கேனும் நடக்கிறதா, எடுக்கும் திசுவில் ஒரு பகுதியை மரபணுப் பரிசோதனைக்கு ஏற்ற முறையில் பாதுகாத்து வைப்பார்களா, அந்தத் திசுவைப் பின்னர் வேறு மையத்துக்கு அனுப்ப மருத்துவமனை சம்மதிக்குமா.

ஆய்வில் சேர்ந்தாலும் ஊசி கிடைக்கும் குழுவில்தான் இடம் என்ற உறுதி இல்லை. வழக்கமான சிகிச்சை இரு குழுவுக்கும் உண்டா என்று ஒப்புதல் படிவத்தில் பார்த்துக்கொள்ளுங்கள். ஊசி தயாராகும் வாரங்களில் என்ன மருந்து தரப்படும், அதற்குள் நோய் திரும்பினால் என்ன ஏற்பாடு என்பதையும் கேட்டு எழுதி வாங்குங்கள்.